ராகு காலத்துக்கு முன்னால் மூடிய இன்ஜின்

ஊரப்பாக்கம்
15-11-1987, ஞாயிறு

அன்பு மகன் சம்பத்துக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் உடம்புக்கு நலம், மனசுக்குத்தான் நலமில்லை. நீ மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க அம்மன் துணை. நாலு நாளாக விடாத மழை, ஸ்டேஷன் பக்கம் முழங்கால் தண்ணீர், ஆட்டோக்காரன் ஒருத்தனும் தெருவுக்குள் வரமாட்டேன் என்கிறான். உன் தங்கை காமுவுக்குப் பிரசவம் மாதக் கடைசியில்தான் என்று டாக்டரம்மா சொன்னாலும் நேற்று ஒரு தடவை வலி வந்து நின்றது. போன தடவை ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டிக்காக மழையில் நின்று நின்று, தாம்பரம் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை தங்காமல் போனதே, அதற்குப் பயந்துதானே உன் அப்பா ஷெட்டில் கிடந்த அம்பாசடருக்கு இன்ஜின் வேலை பார்க்கச் சொன்னார். அந்த வண்டி இன்னும் கிளம்பவில்லையடா. அதற்குக் காரணம் நான்தான். யாருக்கும் தெரியாது, உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

நம் பெருங்களத்தூர் மெக்கானிக் எலியேசர் மூன்று வாரமாக இன்ஜினைப் பிரித்துப் போட்டு, புது பிஸ்டன், புது ரிங் எல்லாம் மாற்றிக் கட்டினார். வெள்ளிக்கிழமை காலை முதல் ஸ்டார்ட். உன் அப்பா சார்ஜுக்குக் கொடுத்த பேட்டரியை வாங்கப் போயிருந்தார். நான் பத்து மணிக்கே கற்பூரத் தட்டோடு ஷெட்டில் போய் நின்றுகொண்டேன். எலியேசர் மேல் மூடியைத் திறந்து வைத்து, ஒவ்வொரு வால்வுக்கும் மெல்லிய தகட்டைச் செருகி இடைவெளி சரிபார்த்துக்கொண்டிருந்தார். எட்டில் ரெண்டுதான் முடிந்திருந்தது. பத்தரைக்கு ராகு காலம் பொறந்துடும், மூடுப்பா மூடுப்பா என்று நான் அவரைப் பிடுங்கி எடுத்தேன். மீதி ஆறும் இடைவெளி இல்லாம டைட்டா கீதுக்கா, அரை மணி குடு என்றார். அப்புறம் பாத்துக்கோ, ஒரு தபா ஸ்டார்ட் பண்ணி நிறுத்திடு போதும் என்றேன். சர்ச்சுக்குப் போகிற மனுஷனுக்கு ராகு காலம் ஏது, எனக்காகத்தான் மூடினார்.

பேட்டரி வந்தது, கற்பூரம் காட்டினேன், வண்டி முக்கி முனகியதே தவிர பற்றவில்லை. சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்காமல் அப்படியே கிடந்தது. பிளக்கைக் கழற்றி மீட்டர் வைத்தால் கம்ப்ரெஷன், அதான் உள்ளே காற்று அமுங்குகிற அழுத்தம், பாதிகூட இல்லை. பிளக் ஓட்டையில் கொஞ்சம் ஆயில் ஊற்றியும் மீட்டர் முள் ஏறவில்லை. ரிங்கு கோளாறுன்னா ஆயில் அடைச்சு இப்ப ஏறியிருக்கும்ணா, இது வால்வு சரியா மூடாம காத்து போவுது, அரை மணி வேலைதான் என்றார் எலியேசர். தெரிஞ்சவன் இன்னாத்துக்குயா அதைப் பாக்காம மூடினே என்று உன் அப்பா கத்தினார். எலியேசர் என்னை ஒரு தடவை பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டு, என் தப்புதாண்ணா என்றார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு ஊமை மாதிரி நின்றேன். இனிமே என் வண்டியைத் தொடாதே என்று உன் அப்பா அனுப்பிவிட்டார். நேற்று குரோம்பேட்டையிலிருந்து வேறு ஒருவர் வந்து பார்த்துவிட்டு, ரிங் வேலையே தப்பு, மறுபடி முழுசாகப் பிரிக்கணும், பத்து நாள் ஆகும் என்கிறார். நாளைக் காலை பிரிக்க வருகிறார். பத்து நாள் காமு தாங்குவாளா? சண்டாளி நான், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமல் ரெண்டு நாளாகச் சோறு பொங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். உனக்கு எழுதிவிட்டதால் இப்போது கொஞ்சம் தைரியம் வந்திருக்கிறது, பேனாவை வைத்துவிட்டு உன் அப்பாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

சொல்லிவிட்டேன். அப்பவே சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னாடி என்று மட்டும் கேட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு பெருங்களத்தூருக்குப் பஸ் ஏறினார். திரும்பி வரும்போது எலியேசரும் கூட வந்தார், மணி நாலே முக்கால். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை என்ன காலம் என்று உனக்கும் தெரியும். உன் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் எலியேசரிடம், தப்பு என்னுதுப்பா, மனசுல வச்சுக்காதே என்றேன். வுடுக்கா, கொயந்த நல்லபடியா வர்ட்டும் என்றார். நிதானமா பாரு, எட்டும் முடியட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். இப்போது அஞ்சாவது வால்வு நடக்கிறது, காமு இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நிற்கிறாள்.

நீயும் அங்கே ஒர்க்‌ஷாப்பில் யார் அவசரப்படுத்தினாலும் கை வேலையைப் பாதியில் மூடாதே. எலியேசருக்கு மறக்காமல் ரெண்டு வரி எழுது. காமுவுக்காக வேண்டிக்கொள். நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். இந்த உறையை இப்போது ஒட்டப் போவதில்லை, வண்டி கிளம்பினால்தான் ஒட்டுவேன். அதனால் இது உன் கைக்கு வந்து சேர்ந்தால் கிளம்பிவிட்டது என்று தெரிந்துகொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
சு. கிளியம்மாள்