அட்டையில் போட்ட கால்

சின்னக்கடைத் தெரு,
திருச்சி.
10.8.2025

அன்புள்ள ஜமீல் பாய் அவர்களுக்கு,

வெள்ளைச்சாமி எழுதிக்கொள்வது. பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். உயிரோடு இருக்கிறேன், இரண்டு கண்ணும் தெரிகிறது, என் கைப்பட எழுதுகிறேன். இந்த மூன்றிலும் உங்களுக்குப் பங்கு உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன் அடித்திருக்கலாம். கடைசியாகப் போனில் நான் உங்களைப் பேசிய பேச்சுக்குப் பிறகு அந்த நம்பரை அழுத்தக் கூச்சமாக இருக்கிறது.

2012இல் ஆம்பூரில் உங்கள் செருப்புப் பட்டறைக்கு வந்தபோது, என்னைக் கெட்டி அட்டை ஒன்றின்மேல் நிற்கவைத்துக் காலைச் சுற்றிப் பென்சில் போட்டீர்கள். ஓரத்தில் தேதியும் எழுதினீர்கள். "இனிமே தீபாவளிக்குத் தீபாவளி உங்க ஜோடி என் கையாலதான் வரும் அண்ணே" என்றீர்கள். சொன்னபடி வந்தது, எட்டாம் நம்பர். ஆயிரம் ஜோடி விற்கிற கடைக்காரனுக்கு அந்த ஒரு ஜோடிதான் பெருமை.

2019இல் வந்த ஜோடிக்குள் கால் நுழையவில்லை. உடனே உங்களைக் கூப்பிட்டு, "என்ன பாய், தோலை மிச்சம் பிடிக்கிறீங்களா?" என்று கேட்டேன். அதே அச்சு, அதே அட்டை என்று நீங்கள் பொறுமையாகத்தான் சொன்னீர்கள். "அப்போ என் கால் வளர்ந்துடுச்சா? எனக்கென்ன அஞ்சு வயசா?" என்று கத்தினேன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் இன்னும் ஏறிக்கொண்டது.

நீங்கள் அந்த அட்டையையே கூரியரில் அனுப்பினீர்கள். அதன்மேல் எழுதியிருந்ததை இன்றைக்கும் பார்க்காமல் சொல்வேன்: "செருப்பு சரியாக இருக்கிறது. ஒரு தடவை இதன்மேல் காலை வைத்துப் பாருங்க அண்ணே."

வைத்துப் பார்க்கவில்லை, பாய். நக்கல் பண்ணுகிறீர்கள் என்று நினைத்தேன். வந்திருந்த சரக்கை மூட்டை பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன். அதோடு விட்டேனா? இந்தத் தெருவில் உங்கள் சரக்கு வாங்கிய பதினோரு கடையிலும் ஏறி, ஆம்பூர் ஜமீல் அளவில் கை வைக்கிறார் என்று சொன்னேன். என் வாய்க்கு இந்தத் தெருவில் ஒரு மதிப்பு இருந்தது. ஒவ்வொருவராக உங்களை விட்டார்கள்.

அதற்குப் பிறகு ஆக்ராவிலிருந்து வந்த எட்டாம் நம்பரும் காலை இறுக்கியது. ஒன்பது போட்டேன். மூன்று வருஷத்தில் அதுவும் இறுக்கி, பத்துக்குப் போனேன். எல்லாக் கம்பெனிக்காரனும் திருட ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்தேனே தவிர, குனிந்து என் காலைப் பார்க்கவில்லை. ஊரார் காலையெல்லாம் அளக்கிறவன் நான். கல்யாண மோதிரம் இறுகி, அறுத்துத்தான் எடுத்தார்கள். குரல் தடித்தது. குறட்டை தாங்காமல் என் சம்சாரம் காளியாயி அடுத்த அறைக்குப் போய்விட்டாள். வசதி வந்தால் உடம்பு கொஞ்சம் போடத்தான் செய்யும் என்று இருந்துவிட்டேன்.

ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் இப்போது இன்னொரு கடை போட்டிருக்கிறேன், உங்களுக்குத் தெரியாது. போன வருஷம் கார்த்திகையில் அங்கே சத்யபாமா என்று ஒரு டாக்டரம்மா வந்தார். உத்தர வீதிக்காரர். மருத்துவக் கல்லூரியில் முப்பது வருஷம் சதைத் துணுக்குகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோய் சொன்னவர், இன்னும் அங்கே வகுப்பு எடுக்கிறார். அளவெடுக்க நான் அவர் காலடியில் உட்கார்ந்திருக்கிறேன், அவர் செருப்பைப் பார்க்கவில்லை, என் கையையே பார்க்கிறார். "வெள்ளைச்சாமி, செருப்பு அப்புறம் ஆகட்டும். வாயைத் திறங்கோ, நாக்கை நீட்டுங்கோ" என்றார். கடையில் நாலு பேர் பார்க்க நாக்கை நீட்டினேன். பல்லுக்கு நடுவே சந்து எப்போது விழுந்தது என்று கேட்டார். தாடை நீண்டிருக்கிறது என்றார். ரோட்டில் போகும்போது இரண்டு பக்கமும் வண்டி தெரிகிறதா என்றார். அது மட்டும் எனக்குச் சுருக்கென்றது. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பைக்குகள் திடீர் திடீரென்று முளைத்து வந்து என்னை இடிக்கப் பார்த்தன. அதையும் ஓட்டுகிறவன் குற்றம் என்றுதான் வைத்திருந்தேன்.

கையும் காலும் இந்த வயசிலும் வளர்கிறது என்று சொல்லி, உடனே தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். டாக்டர் என்றால் ஸ்கேன்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து காளியாயியிடம், "என் கால் வளருதாம், கேட்டியா கதையை" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நேரே அடுப்படிக்குப் போனாள். மிக்ஸியைத் தூக்கினாள். அடியில் உங்கள் அட்டை. மிக்ஸி ஆடாமல் இருக்க அஞ்சு வருஷமாக அதைத்தான் முட்டுக் கொடுத்திருந்தாளாம். மஞ்சள் கறையும் சட்னிக் கறையும் பிடித்துக் கிடந்தது. தரையில் போட்டு, "நில்லுங்க" என்றாள்.

நின்றேன். உங்கள் பென்சில் கோடு எங்கே என்றே தெரியவில்லை. என் காலுக்கு அடியில் போயிருந்தது. காளியாயி உட்கார்ந்து தேடிப் பார்த்துவிட்டு, "கோட்டைத் தாண்டிச் சுத்தி ஒரு விரல் தள்ளி நிக்குதுங்க உங்க காலு" என்றாள். அப்புறம் நீங்கள் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தாள். மறுநாள் காலையிலேயே ஸ்கேனுக்குப் போய்விட்டேன்.

என்ன வியாதி என்று கேட்பீர்கள். மூக்கு முடிகிற இடத்துக்கு நேர் பின்னால், மண்டைக்குள், எலும்பில் சேணம் மாதிரி ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. அதில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு சுரப்பி, பிட்யூட்டரி என்று பெயர். குழாய் எதுவும் கிடையாது. தயார் பண்ணுகிற சரக்கை நேரே ரத்தத்தில் விட்டுவிடும். கழுத்தில் இருக்கிற தைராய்டுக்கும், சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற அட்ரினலுக்கும் வேலை சொல்வது அதுதான். வளர்ச்சி ஹார்மோனும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. அதற்கு மேலே மூளையில் ஒரு இடம் ஆர்டர் கொடுக்கும். சரக்கு போதும் என்றால் ஆர்டர் நிற்கும், உற்பத்தியும் நிற்கும். நம்மைவிட ஒழுங்காக வியாபாரம் பண்ணுகிறது.

எனக்கு அதில் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை. ஆனால் ஆர்டர் இல்லாமலே வளர்ச்சி ஹார்மோனை ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. குளுகோஸ் குடிக்கக் கொடுத்து ரத்தம் எடுத்தார்கள். மற்றவர்களுக்கு அந்த இனிப்பில் ஹார்மோன் அடங்கிவிடுமாம். எனக்கு அசையவே இல்லை. கண் நரம்பு இரண்டும் குறுக்கே தாண்டுகிற இடம் அந்தச் சுரப்பிக்கு நேர் மேலே இருக்கிறது. கட்டி அதைக் கீழிருந்து முட்டியதால்தான் பைக்குகள் முளைத்திருக்கின்றன. இன்னும் மூன்று மாதம் சும்மா இருந்திருந்தால் பார்வை போயிருக்கும் என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர்.

தை மாதம் மூக்கு வழியாகவே போய் எடுத்தார்கள். வெளியே ஒரு தையல் இல்லை. நாலு நாள் தண்ணீர் தாகம் பிடுங்கி எடுத்தது. குடம் குடமாகக் குடித்தேன், ஒன்றுக்குப் போய்க்கொண்டே இருந்தேன். நீரைக் கட்டுகிற ஹார்மோனை வைத்து அனுப்புவது அந்தச் சுரப்பியின் பின்பாதியாம். அது அசந்து போய்த் திரும்ப எழுந்துகொண்டது. இப்போது காலையில் ஒரு மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான்.

சத்யபாமா அம்மா எனக்கு என் கட்டியையே மைக்ராஸ்கோப்பில் காட்டினார். முதலில் வேறொருவரின் நல்ல சுரப்பி. சிவப்பாகச் சில செல், நீலமாகச் சில, வெளுத்துச் சில, எல்லாம் கலந்து சின்னச் சின்னக் கூட்டமாக இருந்தன. இடையிடையே மெல்லிய ரத்தக்குழாய்கள். வேறொரு சாயத்தில் பார்த்தால் ஒவ்வொரு கூட்டத்தையும் சுற்றிக் கறுப்பு நூலில் வேலி. பிறகு என்னுடையது. வேலி அறுந்து கிடக்கிறது. கண்ணுக்கு எட்டியவரை ஒரே மாதிரிச் சிவப்புச் செல். நம் தெருவில் எல்லாக் கடையையும் மூடிவிட்டு ஒருத்தனே உட்கார்ந்து கத்துகிற மாதிரி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரும் வழியில் உங்களைத்தான் நினைத்தேன்.

இப்போது அந்தப் பதினோரு கடையிலும் மறுபடி ஏறி வந்தேன். "அளவு சரியா இருந்தது, என் கால்தான் தப்பு" என்று ஒவ்வொரு கடையிலும் சொன்னேன். மூலைக்கடை சரவணன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "தெருவுலயே பெரிய காலு உங்களுதுதான் அண்ணே" என்றான். சிரிக்கட்டும். பார்க்கிற இடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறான், உங்களுக்கு அது நல்லதுதான். ஏழு பேர் உங்கள் நம்பரை வாங்கியிருக்கிறார்கள். கூப்பிட்டால் எடுங்கள். நான் சொன்னேன் என்பதற்காக வேண்டாம் என்றுவிடாதீர்கள்.

அட்டை என்னிடம் இல்லை. சத்யபாமா அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். மாணவர்களுக்குக் காட்டுகிறாராம். மஞ்சள் கறையோடு, உங்கள் கையெழுத்தோடு அது வகுப்பில் இருக்கிறது. "எங்களுக்கு முன்னாடியே ஒருத்தர் கண்டுபிடிச்சிருக்கார் பாருங்கோ" என்று அவர் சொல்வதாகக் கேள்வி. உங்கள் மகள் ஆஃப்ரினிடம் இதைச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள்.

இனி கால் சுருங்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். சதை வீக்கம் வடியும், எலும்பு வளர்ந்தது வளர்ந்ததுதான் என்றார். வடிந்துகொண்டிருக்கிறது. பத்து இப்போது கொஞ்சம் தொளதொளக்கிறது, ஒன்பது இறுக்குகிறது. என் அளவு எது என்று எனக்கே தெரியவில்லை. காளியாயி புது அட்டை வாங்கி வைத்திருக்கிறாள். நானே பென்சில் போடுகிறேன் என்றாள். நான் விடவில்லை. இந்தத் தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் திருச்சிக்கு வாருங்கள். வர மனம் இல்லை என்றால் ஒரு வரி எழுதுங்கள், நான் ஆம்பூருக்கு வந்து உங்கள் பட்டறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறேன். நீங்கள் குனிந்து கோடு போட வேண்டும். இந்தத் தடவை சொன்ன இடத்தில் காலை வைக்கிறேன்.

உங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். பொய் சொல்லத் தெரியாத கை உங்களுடையது. அதற்கு ஒரு குறையும் வராமல் ஆண்டவன் பார்த்துக்கொள்ளட்டும்.

வெறுங்காலோடு காத்திருக்கும்,
வெள்ளைச்சாமி