களத்தில் விட்ட ஒரு முறம் ராகி

தேன்கனிக்கோட்டை
5.2.2006

அன்புள்ள சுரேந்தருக்கு அப்பா நாராயணப்பன் எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. உன் தங்கை பிரவீனா மூக்கண்டப்பள்ளியிலிருந்து ஞாயிறு தவறாமல் வந்துபோகிறாள், கம்பெனியில் வேலையை நிரந்தரம் செய்துவிட்டார்களாம்.

இந்த வருஷம் ராகி பாதிக்குப் பாதி குலைநோயில் பதராகிப் போனதற்கு மழைதான் காரணம் என்று போனில் சொன்னேன். அது சரியல்ல, தப்பு என்னுடையது. ஏரிக்கரை முனிலட்சுமியை உனக்குத் தெரியும், ஒரே ஏக்கர்தான் அவளுக்கு. மூன்று வருஷத்துக்கு முன் வேளாண்மை ஆபீசில் நோய் தாங்கும் புது ராகி இரண்டு கிலோ வாங்கி வந்து, நல்ல கதிராகப் பார்த்துக் கையால் பொறுக்கிப் பெருக்கினாள். துண்டு நிலக்காரர்களுக்கு ஒரு படி கொடுப்பாள், அறுத்ததும் இரண்டு படி திருப்பித் தர வேண்டும், அது அடுத்த வீட்டுக்குப் போகும். போன வருஷம் நான் வாங்கிப் போட்டு நன்றாக விளைந்தது. ஆனால் நம் ஊரில் களத்தை வெறுமையாக விடக்கூடாது என்று, அடித்து முடித்தவர் தம் ராகியில் ஒரு முறம் நடுவில் விட்டுப் போவார் அல்லவா, அந்தப் பழைய ராகியின் மேலேயே என் விதைக் கதிரைப் போட்டு அடித்துவிட்டேன். அந்தக் கலப்பு விதையைத்தான் நானும் விதைத்தேன், முனிலட்சுமிக்கும் இரண்டு படி அளந்தேன். அவள் அதை நம்பிப் பெரியவர் திம்மராயனுக்குக் கொடுத்தாள். அவருக்கும் பாதி போயிற்று. அவள் விதையே வேண்டாம் என்று ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது.

அவள் என்னைத் திட்டவில்லை. நம் வயலில் இறங்கி, விரிந்த கதிரையும் மூடிய கதிரையும் ஒடித்துப் பக்கம் பக்கமாக வைத்து, இரண்டு ரகம் என்று கண்டுகொண்டு, எங்க அடிச்சீங்கண்ணா என்று மட்டும் கேட்டாள். இதுவரை தன் விதையை வாசலில் கோணி விரித்துத் தடியால் அடித்தவள், இந்த வருஷம் ஏக்கர் முழுக்க விதைக்கென்றே விட்டதால் களத்துக்கு வந்தாக வேண்டும். தார் ரோட்டில் போட்டால் பஸ் டயரே அடித்துத் தருமே என்றேன். நாலு ஊரு ராகி அங்க கெடக்குதுண்ணா என்றாள். சாணி மெழுகிய களத்தில் மற்றவர்களுக்கு முன் அடிக்கும் முதல் முறை வேண்டும் என்பது அவள் கணக்கு. ஆனால் முதல் முறை திம்மராயன் வீட்டு உரிமை. நானும் அவளோடு அவரிடம் போய், கலந்தது என் கையால்தான் என்று ஒப்புக்கொண்டேன். உன் வெதயப் போட்டு என் முக்கா ஏக்கருல பாதி போச்சு, இப்ப எங்க முறையும் வேணுமா என்றார் அவர். அவள் குரலை உயர்த்தாமல், உங்க முறம் என் வெதயில வுழுந்தா வெத கெட்டுது மாமா, என் முறம் உங்க ராகியில வுழுந்தா உங்களுக்கு என்னா கெட்டுது என்றாள். வெகுநேரம் தாடியைச் சொறிந்தார். அப்புறம், வக்கீலுக்குப் படிச்சிருக்க வேண்டியவ என்று சிரித்துவிட்டார்.

வியாழக்கிழமை அவள் அடித்தாள். தூற்றிச் சலித்து மூட்டை கட்டிவிட்டு, முறைப்படி ஒரு முறம் நடுவில் விட்டாள். மறுநாள் திம்மராயன் வந்தார். கதிரைக் கொட்டும் முன் குனிந்து, அந்த முறத்து ராகியை ஒரு மணி விடாமல் துண்டில் வாரி முடிந்துகொண்டார், அந்த இடத்தில் தன் வீட்டுப் பழைய ராகி ஒரு முறம் கொட்டினார். நான் பார்ப்பதைக் கண்டு, என்னாத்தப் பாக்குற நாராயணப்பா, களம் காலியாவா இருக்குது என்றார். சாயங்காலத்துக்குள் சேதி பரவி, பதினொரு வீட்டார் முனிலட்சுமியிடம் ஒரு படி விதைக்குச் சொல்லி வைத்துவிட்டார்கள்.

எனக்கும் ஒரு படி கொடுத்தாள், கேட்கக் கூச்சப்பட்டு நின்றவனை அவளே கூப்பிட்டு. ஆகவே நிலத்தைக் குத்தகைக்கு விடலாம் என்று நீ சொன்னது இந்த ஆடி விதைப்பு முடியும்வரை நிற்கட்டும். வெயிலில் தண்ணீர் நிறையக் குடி. லீவு கிடைத்தால் ஆடியில் வா. தாயும் தகப்பனும் நினைக்கும் நல்லதெல்லாம் உனக்கு நடக்கட்டும். வந்தால் முதலில் முனிலட்சுமியைப் போய்ப் பார், நான் மழையின் மேல் பழி போட்டதை மட்டும் அவளிடம் சொல்லாதே.

உன் அப்பா,
நாராயணப்பன்