உள்ளங்கை மஞ்சள்

பசறை
12.3.1978

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம், களைப்புத்தான்.

தேயிலைத் தோட்டப் பள்ளிக்கு ஏறி இறங்கி, மலை வெயிலில் முகம் தோலுரிந்தது. வெயிலைத் தாங்க, இங்குள்ள டாக்டர் சொன்னபடி இரண்டு மாதம் தினமும் கரட் கிழங்கும் பப்பாசிப் பழமும் சாப்பிட்டேன். உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. காமாலை என்று பயந்து, லயத்து வீடுகளில் இருக்கும் தோட்டத் தொழிலாளர்கள் பிள்ளைகளை அனுப்பவில்லை. மூன்று நாள் வெறும் வகுப்பில் இருந்தேன்.

டாக்டரிடம் போய்க் கையைக் காட்டினேன். சிரித்தார். "கண் வெள்ளையாத்தானே இருக்கு, இது கரட்டின்ர நிறம். வெயிலுக்கு அது கொஞ்சந்தான் உதவும், குடையும் பிடியுங்கோ."

மறுநாள் கொழுந்து பறிக்கும் அங்கம்மாள் மகளோடு வந்து, என் கையைப் பிடித்துப் பார்த்தாள். "எங்க கையும் கறைதானுங்க டீச்சர்" என்றாள். பிறகு மற்றப் பிள்ளைகளும் வகுப்புக்கு வந்தார்கள்.

இரவில் இங்கே குளிர். உங்கள் பழைய சேலையொன்று அனுப்புங்கள், போர்த்திக்கொள்ள. துவைக்காமல் அனுப்பினாலும் பரவாயில்லை.

நான் காத்திருந்த பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

மகள்
யோகராணி