வின்ச்சில் இருந்த போல்ட்டு

அன்றைக்கு ஜெலாப்பாங் லோரிப் பட்டறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், நம் மகள் வசந்தா, பட்டறைக்காரர் ஆ செங், உங்கள் தம்பி ஆறுமுகம். வேறு யாரும் இல்லை. யாராவது வந்து மாற்றிச் சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள் லோரியின் முன்பக்கத்தைக் கழற்றியதும் அந்தக் கிரீஸ் வாடை வந்தது. உங்கள் சட்டையை எத்தனை தடவை துவைத்தாலும் போகாத வாடை. சேற்றில் புதைந்த செம்பனை லோரிகளை, முன்னால் இருக்கும் வின்ச்சில் கம்பியைச் சுற்றி இழுத்துப் போட்ட வண்டி, நீங்கள் போன நாளிலிருந்து இத்தனை வருஷமும் செமோரில் நம் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. ஒருத்தரையும் தொட விடவில்லை நான். இப்போது வசந்தாதான் காட்டுப்பாதையில் ஓட்டப் போகிறேன் என்று புது எஞ்சின் வைக்கிறாள். "வின்ச்சையும் கரண்டு வின்ச்சா மாத்திடலாம் லா அக்கா" என்றார் ஆ செங். தோட்டத்துக் கடையில் வளர்ந்தவர், நம்மைப் போலவே பேசுவார்.

அவர் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. உங்கள் தம்பி மேல்தான். தீபாவளிக்குக்கூட என் வாசலை மிதிக்காதவர், பட்டறைக்கு மட்டும் ஒரே வாரத்தில் மூன்று தடவை வந்தார்.

"பழைய வின்ச்ச நானே இரும்புக் கடையில போட்டுட்டு வாரேன் அண்ணி. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

என் சிரமம் இவருக்கு எப்போது தெரிந்தது?

"பிரிச்சுக் காட்டிட்டுக் கொண்டு போ" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பின்வாசலில் உட்கார்ந்து, மெது இரும்பை அறுத்து, வின்ச்சில் சொருகும் 'பின்' ஆணிகளைச் செய்வீர்கள். சுமை மிஞ்சினால் அந்த ஆணி உடைந்து வின்ச் நின்றுவிடும். "இது உடையறதுக்குன்னே செய்யறது. இது உடையலன்னா கம்பி அறுந்துடும்" என்பீர்கள். கம்பி அறுந்து அடித்துத்தான் நீங்கள் போனீர்கள். "அண்ணன் இத்துப்போன கம்பியப் போட்டு இழுத்தாரு" என்றார் தம்பி. தோட்டமே நம்பியது. முந்தின மாதம்தான் அந்தக் கம்பியைப் புதுசாகச் சுற்றினீர்கள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

ஆ செங் சுத்தியலால் தட்டினார். பின் ஆணி இருக்க வேண்டிய ஓட்டையிலிருந்து ஒரு போல்ட்டு வந்தது. அரத்தை வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"அரம் பிடிக்கல அக்கா. கெட்டி இரும்பு. இது எந்தக் காலத்துல உடையும்?"

வசந்தா சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கு மூணு பின் உடைஞ்சு போச்சு அண்ணி. மழை வேற. அண்ணன் அந்தப் பக்கம் கொக்கி மாட்டிக்கிட்டு, பின் போட்டியாடான்னு கத்துனாரு. இந்தப் போல்ட்ட சொருகிட்டு, போட்டேன்னு சொன்னேன்."

"அப்புறம் கம்பி மேல ஏன் பழி போட்ட?"

"போலீஸ் கேட்டாங்க. பயந்துட்டேன்."

"கருமாதிக்கும் அதையேதான் சொன்ன. அங்க எந்தப் போலீஸ் இருந்துச்சு?"

பாகான் டத்தோவில் இருக்கும் உங்கள் பழைய கூட்டாளிக்குப் பட்டறையிலிருந்தே அவரைப் போன் போட வைத்தேன். பிறகு, தோட்டத்து ஆட்களில் உயிரோடு இருக்கும் ஒவ்வொருவருக்கும். "கம்பி புதுசுதான், தப்பு என்னுது" என்று அவர் வாயாலேயே சொன்னார். ஆ செங் தேத்தண்ணி வாங்கி வந்து கொடுத்தார். அதுவும் ஆறிப் போனது.

உங்கள் பேர் சுத்தமாகிவிட்டது. "சித்தப்பாவுக்கு வயசாச்சு, விடும்மா" என்கிறாள் வசந்தா. மழையில் அவசரப்பட்டுப் போல்ட்டைச் சொருகிய கையை நான் மன்னித்துவிட்டேன். நீங்களும் மன்னித்திருப்பீர்கள். ஆனால் உங்கள் கருமாதிப் பந்தியில் உட்கார்ந்து, என் கையால் சோறு வாங்கிக்கொண்டே, கம்பி இத்துப்போனது என்று சொன்ன ஆளை மன்னிக்க மாட்டேன். ஆறுமுகத்தை மாட்டேன்.