பானெட்டைத் தொட்டுப் பார்

திருத்தங்கல்
12.8.2007

அன்புள்ள மாப்ளே,

நீ மறுபடியும் பழைய டர்போ டீசல் கார் பார்ப்பதாக உன் தங்கை பொன்மணி பஸ்ஸில் சொன்னாள். அதனால்தான் நான்கு வருடம் கழித்து எழுதுகிறேன்.

காலையிலேயே போ. முதலில் பானெட்டைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால் திரும்பிவிடு. ஆறிய வண்டியை நீயே ஸ்டார்ட் செய். நீலப் புகை வந்தால் டர்போ ஆயில் குடிக்கிறது என்று அர்த்தம். டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாயைக் கழற்றி உள்ளே விரலால் தடவிப் பார். ஆயில் வழிந்தால் அந்த வண்டி வேண்டாம்.

என் காரைப் பார்க்க நீ வந்த அன்று பானெட் சூடாக இருந்தது.

"எங்கலே போயிட்டு வந்த?" என்று கேட்டாய்.

"சாத்தூருக்கு ஒரு சவாரிலே" என்றேன்.

நான் எங்கும் போகவில்லை. புகை தெரியக் கூடாதென்று முக்கால் மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டிருந்தேன். குழாயையும் துடைத்து வைத்திருந்தேன்.

பட்டாசு ஆலைத் தீயில் வெந்துபோன உன் அப்பாவை மதுரை ஆஸ்பத்திரிக்கு நீ கொண்டுபோகும்போது, கள்ளிக்குடி தாண்டி அந்தக் கார் டர்போ போய் நின்றுவிட்டது. வேறு வண்டி கிடைக்க ஒரு மணி நேரம் ஆனது. மூன்றாம் நாள் அவர் போய்விட்டார். அடக்கம் முடிந்து என் தோளில் சாய்ந்து, "நாந்தாம்லே கண்டமேனிக்கு வெரட்டி வண்டியக் கெடுத்துட்டேன்" என்று அழுதாய். நான் உன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அதற்குப் பிறகு உன் தெருப்பக்கம் வர என்னால் முடியவில்லை.

இப்போதும் நீ நாற்பதைத் தாண்டி ஓட்டுவதில்லையாம். பொன்மணிதான் சொன்னாள்.

நீ ஓட்டியதில் ஒரு தப்பும் இல்லை, மாப்ளே.

இப்படிக்கு,
உனக்கு அந்தக் காரை விற்றவன்