பிரேமினி வீட்டுக்குப் போகும் மீன்கள்

மெர்கோங்,
அலோர் ஸ்டார்.

தங்கை பிரேமினிக்கு,

லோகேஸ்வரி எழுதுகிறேன். நலமா என்று கேட்கும் அளவுக்கு நமக்குள் பழக்கமில்லை. உங்கள் பெயரே எனக்கு இன்று காலையில்தான் தெரியும். நான் காளிதாசனின் மனைவி. அவருக்கு வீட்டில் ஒருத்தி இருப்பது உங்களுக்குத் தெரியுமோ, தெரியாதோ.

அவரோடு லாரி ஓட்டும் திவாகரன், ஐஸ் பெட்டியும் பிளாஸ்டிக் பைகளுமாக வந்து நின்றான். "அக்கா, அண்ணே மீனை மட்டும் எடுத்துட்டு வரச் சொன்னாரு லா. அங்க அண்ணி பெரிய தொட்டி வாங்கி வெச்சிட்டாங்க" என்றான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஜொகூரில் வேலை அதிகம், அதனால்தான் வர முடியவில்லை என்று ஒரு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். மீதியை நான் கேட்கக் கேட்க, தரையைப் பார்த்தபடி சொன்னான். நீங்கள் மாசமாக இருப்பதையும் சொன்னான்.

இந்த நியோன் மீன்களை அவர்தான் ஆசைப்பட்டு வாங்கினார். நீலமும் சிவப்புமாக ஓடுவதை முதல் மாதம் முழுக்கப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு தீனி போடுவது, பில்டர் கழுவுவது எல்லாம் என் தலையில் விழுந்தது. அவர் ஜொகூருக்குப் போன பிறகு ஒன்றைக்கூடச் சாகவிடவில்லை. வந்தால் காட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

போன மழையில் வீட்டுக்குள் வெள்ளம் வந்துவிட்டது. நானும் மகள் நளினியும் தொட்டித் தண்ணீரைப் பாதி இறைத்து, அதைச் சமையலறை மேசைமேல் ஏற்றினோம். அவளுடைய பள்ளிப் புத்தகங்கள் ஊறிப்போயின. அவர் போன் செய்து முதலில் கேட்டது, "மீனெல்லாம் இருக்கா?" நளினி போனைப் பிடுங்கி, "நாங்களும் இருக்கோம்பா" என்றாள். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

திவாகரன் வாசலில் காத்திருக்கிறான். எல்லாவற்றையும் சாக்கடையில் கொட்டிவிட்டு வெறும் பெட்டியை அனுப்பலாம் என்றுதான் இருந்தேன். நளினி, "குடுத்திருங்கம்மா. அதுங்க என்ன செஞ்சிச்சு, பாவம்" என்றாள். நானே வலையில் பிடித்துப் பைகளில் கட்டியிருக்கிறேன்.

பைகளைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் உங்கள் தொட்டியில் மிதக்கவிடுங்கள். குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றாதீர்கள். ஒரு நாள் பிடித்து வைத்து ஊற்ற வேண்டும்.

வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும். வாளியை நீங்கள் தூக்காதீர்கள். "அப்புறம் தூக்குறேன்" என்பார். அவர் எழுந்து வரும்வரை அது அப்படியே கிடக்கட்டும். நளினிக்குப் பிறகு ஒரு பிள்ளை என் வயிற்றில் நான்கு மாதம் இருந்தது. அப்போது நான் காத்திருக்கவில்லை. நானே தூக்கினேன்.

உங்கள் பிள்ளை குறையில்லாமல் பிறக்கட்டும்.

லோகேஸ்வரி