ஃபெஸ் நகரத்து ‘வாறன்’

ஒக்டோபர், ஞாயிறு இரவு

மொரோக்கோவிலிருந்து வந்த பிறகும் எனக்கு நித்திரை ஒழுங்காக இல்லை. எங்களை ஃபெஸ் நகரத்துக்கு அனுப்பியது மகள்தான். “ரெண்டு பேரும் ஹொலிடேயில போய் ரிலாக்ஸா கதைச்சுப் பாருங்கோ, அம்மா” என்றாள். அங்கே நானும் அவளது அப்பாவும் கதைத்ததெல்லாம் சாப்பாட்டைப் பற்றித்தான்.

கடைசி நாள் பழைய நகரத்து ஒடுங்கிய சந்தொன்றில், தோல் மூட்டை ஏற்றிய கழுதை ஒன்று எதிரே வந்தது. நான் சுவரோடு ஒதுங்கினேன். “நான் வாறன்” என்று பின்னாலிருந்து இவர் சொன்னார். என்னோடு வருகிறார் என்று நினைத்து நடந்தேன். பள்ளிவாசலடியில் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணவில்லை. வழி தெரியாமல் சந்து சந்தாகத் தேடி அழுதேன்.

ஒருவழியாக ஹோட்டலுக்கு வந்து சேர்ந்தால், இவர் அங்கே ஆறுதலாகப் புதினாத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்! “வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தானே வந்தனான்?” என்றார். விடைபெறுகிறவர்கள் சொல்லும் ‘வாறன்’ அது. எனக்குத்தான் விளங்கவில்லை.

இன்று பின்னேரம், இங்கே மார்க்கம் நகரத்து எங்கள் வீட்டு வாசலில், அதே சூட்கேஸோடு நின்றார். விமானத்துக்குக் கட்டிய அட்டை இன்னும் பிடியில் தொங்கியது. சென் ஜேம்ஸ் ரவுணில் தனியாக அறை எடுத்துவிட்டாராம்.

“நான் வாறன்” என்றார்.

இந்தமுறை விளங்கியது. ஏன் என்று கேட்டிருக்கலாம். கையையாவது பிடித்திருக்கலாம். கடைக்குப் போகிறவருக்குச் சொல்வதுபோல, பழக்கதோஷத்தில் என் பாழாய்ப்போன வாய் சொன்னது:

“ஓம், போயிட்டு வாங்கோ.”